இரண்டு வரலாறுகளுக்கு நடுவே: செஸ்டர் தாமஸ் ஹாரிசனின் கட்டடக்கலை

பார்த்தெனான் சிற்பங்கள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளாக ஓயவில்லை. கிரேக்கம் கேட்கிறது, பிரிட்டன் கொடுக்க மறுக்கிறது, இடையில் அவற்றைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்ற எல்ஜின் பிரபுவின் பெயர் உருண்டுகொண்டே இருக்கிறது. அந்தப் பிரபுவின் தலையில் ஏதென்ஸைப் பற்றிய எண்ணத்தை முதலில் விதைத்தவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. 1816-இல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னபோது எல்ஜினே அதற்குப் பதில் தந்திருக்கிறார். 1799-இல் தாம் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூதராக நியமிக்கப்பட்ட வேளையில், ஸ்காட்லாந்தில் தமக்காக வேலை செய்துகொண்டிருந்த ஹாரிசன் என்ற கட்டடக் கலைஞர்தான் அந்த யோசனையைச் சொன்னார் என்பது அவர் வாக்குமூலம். ஹாரிசன் கேட்டது சிற்பங்களை அல்ல. கிரேக்கக் கட்டடங்களின் அச்சுவார்ப்புகளையும் அளவு வரைபடங்களையும் எடுத்து வந்தால், புத்தகப் படங்களை மட்டுமே பார்த்துப் பழகிய பிரிட்டிஷ் கலைஞர்கள் உண்மையான அளவையும் விகிதத்தையும் கற்றுக்கொள்வார்கள் என்பதே அவர் வாதம். சுவரிலிருந்து கல்லைப் பெயர்த்தது பின்னால் எல்ஜினின் ஆட்கள் செய்த செயல். இந்த ஒரு குறிப்போடு பெரும்பாலான நூல்கள் ஹாரிசனை விட்டுவிடுகின்றன. இங்கிலாந்தின் முதல் சமதளப் பெரும்பாலத்தையும், ஒரு கவுண்டியின் சிறை, நீதிமன்றம், படைக்கலக் கொட்டில் அனைத்தையும் சேர்த்த ஒரே வளாகத்தையும், இரண்டு தொழில் நகரங்களின் நூலகங்களையும், தம் காலத்து உலகின் மிக அகலமான கல் வளைவையும் வடிவமைத்தவர் அவர். அவரை ஏன் அடிக்குறிப்பில் வைத்தார்கள் என்பது தனி மனிதர் ஒருவரின் புகழ் பற்றிய கேள்வியோடு நிற்பதில்லை. கட்டடக்கலை வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதையே அது கேள்விக்குள்ளாக்குகிறது.

1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்ற பெயருடைய நான்கு மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலத்தை ஜார்ஜியன் காலம் என்கிறார்கள். சென்னை ராஜாஜி மண்டபத்தின் உயர்ந்த படிகளையும் தூண்வரிசையையும் பார்த்தவர்களுக்கு அக்காலப் பாணி புதிதல்ல. 1802-இல் முடிந்த அந்த மண்டபமும் இதே அலையைச் சேர்ந்ததுதான். இக்காலத்தைப் பற்றிய வழக்கமான கதையில் வில்லியம் சேம்பர்ஸ், ராபர்ட் ஆடம், ஜான் சோன், ஜான் நாஷ் ஆகியோர் வரிசையாக வருவார்கள். நால்வருக்கும் லண்டனே களம். மற்றவர்களுக்கு ‘மாகாணத்துக் கலைஞர்’ என்ற தனிப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இடம் பெறுபவர் தலைநகரில் பிறந்த பாணியைக் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலாக ஊருக்குக் கொண்டுசென்றவர் என்ற முடிவு அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ஹாரிசனின் பணி இந்த முடிவைப் பொய்யாக்குகிறது என்பது என் வாதம். லண்டனுக்கு வெளியே இருந்தது அவருக்குக் குறையாக அமையவில்லை. அவர் செய்த வேலையை அங்கேதான் செய்ய முடிந்தது. அவர் மறக்கப்பட்டதற்கும் அவர் திறமைக்கும் தொடர்பு குறைவு. கட்டடக்கலை வரலாறு, பொறியியல் வரலாறு என்று பின்னாளில் பிரிந்த இரண்டு துறைகளுக்கு நடுவே அவர் விழுந்துபோனதே முக்கியக் காரணம்.

யார்க்‌ஷயரில் உள்ள ரிச்மண்ட் என்ற சிற்றூரில் 1744-இல் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தவர் ஹாரிசன். ஊருக்கு அருகில் இருந்த ஆஸ்க் மாளிகையின் உரிமையாளர் சர் லாரன்ஸ் டண்டாஸ், ராணுவத்துக்குப் பொருள் வழங்கிப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அவர் செலவில் 1769-இல் ஹாரிசனும் ஜார்ஜ் கியூயிட் என்ற இளம் ஓவியரும் ரோம் சென்றார்கள். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பொழுதுபோக்காக மேற்கொண்ட பயணம் போன்றதல்ல இது. தச்சன் மகன் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இத்தாலியில் இருந்து இடிபாடுகளை அளந்தான், வரைந்தான். வாட்டிகனின் பெல்வெடேர் முற்றத்தைப் பழஞ்சிற்பக் கூடமாக மாற்ற ஒரு திட்டம் வரைந்து போப் பதினான்காம் கிளெமென்ட்டின் கவனத்தை ஈர்த்தான். 1773-இல் ரோமின் வடவாயிலில் உள்ள பியாட்சா டெல் போபோலோ சதுக்கத்தைச் சீரமைப்பதற்கான புனித லூக்கா கலைக் கழகத்தின் போட்டியில் பரிசு கிடைக்காதபோது, ஹாரிசன் நேரே போப்பிடம் முறையிட்டார். போப் அவருக்குப் பதக்கங்கள் அளித்ததோடு கழகத்தின் உறுப்பினராக்கவும் ஆணையிட்டார். ஹாரிசனைப் பற்றி எழுதுபவர்கள் அவர் கூச்ச சுபாவம் உடையவர், அதனால்தான் முன்னேறவில்லை என்று சொல்லி முடித்துவிடுவதுண்டு. அன்னிய நாட்டில், வேற்றுச் சமயத்தின் தலைவரிடம் தம் உரிமைக்காக வாதிட்டு வென்ற இளைஞரைப் பற்றிய பேச்சு இது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1776-இல் அவர் நாடு திரும்பினார். லண்டனில் வேலை கிடைக்கவில்லை. நகரம் ஏற்கெனவே ஆடம் சகோதரர்கள் கையிலும் சேம்பர்ஸ் கையிலும் ஜேம்ஸ் வையட் கையிலும் இருந்தது. அங்கே ஒருவர் நிலைபெற வேண்டுமானால் பெரிய இடத்துப் பழக்கம் வேண்டும், சொந்தச் செலவில் நூல் வெளியிடும் வசதி வேண்டும், வேலை தேடிக் காத்திருக்கும் காலத்துக்குக் கைப்பணம் வேண்டும். 1781-இல் டண்டாஸும் இறந்துபோனார். ஹாரிசனுக்கு வாசல் திறந்தது வடமேற்குக் கரையிலிருந்த லங்காஸ்டரில். அவ்வூரில் லூன் ஆற்றின்மேல் புதிய பாலம் கட்ட நடந்த போட்டியில் அவர் வென்றார். 1783-இல் தொடங்கிய ஸ்கெர்ட்டன் பாலம் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எழுந்தது. அதற்கு முன் இங்கிலாந்தின் பெரிய கல்பாலங்கள் எல்லாம் நடுவில் கூன் விழுந்தவை. அரைவட்ட வளைவு அகலமாக வேண்டுமானால் உயர்ந்தே தீரும், சாலையும் அதோடு ஏறி இறங்கும், பாரவண்டி இழுக்கும் குதிரை மூச்சிரைக்கும். ஹாரிசன் ஐந்து கண்களையும் நீள்வட்ட வளைவுகளாக அமைத்தார். நீள்வட்டம் உயராமலேயே அகலும் என்பதால் நீர் தாராளமாகப் போகவும் வழி கிடைத்தது, மேலே சாலையும் கரைக்குக் கரை ஒரே மட்டமாக ஓடியது. கால்களுக்கு மேல் சிறு வாயில்கள் விட்டுச் சுமையைக் குறைத்து, பெருவெள்ளம் வந்தால் நீர் வெளியேறவும் இடம் வைத்தார். பிரான்சில் பெரோனே 1770களில் நேயிப் பாலத்தில் இதே வழியில் போயிருந்தார். இங்கிலாந்தில் இந்த அளவில் இது முதல் முயற்சி. சமதளப் பாலம் என்றதும் ஆங்கில நூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு லண்டனில் ஜான் ரென்னி கட்டிய வாட்டர்லூ பாலம். அது திறக்கப்பட்டது 1817-இல். மாகாணம் தலைநகரைப் பின்பற்றியது என்ற சூத்திரம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

லண்டன் தராத எதை இந்த ஊர்கள் ஹாரிசனுக்குத் தந்தன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். தலைநகரில் வேலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் பிரபுக்கள். அவர்களுக்கு வேண்டியது மாளிகை, வரவேற்பறை, கூரை அலங்காரம். அரசாங்கக் கட்டடங்களோ அமைச்சரவைச் செல்வாக்கைப் பொறுத்தவை. கவுண்டிகளில் நிலைமை வேறு. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. அதன் மாஜிஸ்திரேட்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி வரி விதிப்பார்கள், சிறையையும் பாலங்களையும் பராமரிப்பார்கள். சிறைச் சீர்திருத்தவாதி ஜான் ஹவர்டு நாடெங்கும் சுற்றி, 1777-இல் வெளியிட்ட நூலில் சிறைகளின் கொடுமையை அம்பலப்படுத்திய பிறகு, இந்த மாஜிஸ்திரேட்டுகள் புதிய சிறைகளைக் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தது. லிவர்பூல், மான்செஸ்டர் வணிகர்களுக்கோ செய்தி படிக்கவும், நூல் வைக்கவும், சரக்கு விலை பேசவும் இடம் தேவைப்பட்டது. நீதிமன்றம், சிறை, பாலம், சந்தா நூலகம், வணிகர் மாளிகை எல்லாம் ஒருசேரத் தேவைப்பட்ட காலம் அது. இவற்றைப் பொதுக்குழுக்கள் பொதுப்பணத்தில் கட்டின. நவீன நகரத்தின் பொதுவெளி இங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. ரோமின் பொதுக்கட்டடங்களை அளந்துவிட்டு வந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அமைந்திருக்க முடியாது.

இதன் முழுப் பயன் செஸ்டர் கோட்டையில் தெரிகிறது. இடைக்காலக் கோட்டை சிதைந்து, அதற்குள் இருந்த சிறையும் இழிநிலையில் கிடந்தது. 1780களின் நடுவில் நடந்த போட்டியில் ஹாரிசன் வென்றார். 1788-இல் தொடங்கிய வேலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. முதலில் சிறை, அடுத்து நீதிமன்றமும் அலுவலகங்களும் சேர்ந்த ஷயர் ஹால், பிறகு இருபுறமும் படைக்கலக் கொட்டிலும் படைவீரர் குடியிருப்பும், கடைசியில் நுழைவாயில். மூன்று பக்கம் கட்டடங்கள் சூழ, நான்காம் பக்கம் வாயில், நடுவே பரந்த முற்றம். ஷயர் ஹாலின் முன்னே இரட்டை வரிசையில், டோரிக் என்னும் எளிய பண்டைத் தூண்வகையில் 12 தூண்கள் நிற்கின்றன. செஷயரின் மேன்லி குவாரியிலிருந்து கொண்டுவந்த, ஒவ்வொன்றும் 20 அடிக்கு மேல் உயரமுள்ள ஒற்றைக் கற்கள் அவை. அக்கால இங்கிலாந்தில் உருளைக் கற்களை அடுக்கியோ, செங்கல்லின்மேல் காரை பூசியோ தூண் எழுப்புவதுதான் பெருவழக்கு. ஒற்றைக் கல்லுக்குச் செலவு அதிகம், ஆபத்தும் அதிகம். ஆனாலும் பண்டைக் கட்டடத்தின் கம்பீரம் கல்லின் உண்மையில் இருக்கிறது என்பதில் ஹாரிசன் தளரவில்லை. உள்ளே நீதிமன்ற அறை ஓர் அரைவட்டம். அதன் வளைந்த சுவரை ஒட்டி, தலையில் சுருள்கள் கொண்ட அயோனிக் தூண்கள் வரிசையாக நிற்க, மேலே கட்டம் கட்டமாகச் செதுக்கிய அரைக்குவிமாடம். பண்டை அரங்கின் வடிவத்தை நீதி கேட்கும் இடத்துக்குப் பொருத்திய இந்த அறையை, பாரிஸில் கோந்துவான் கட்டிய அறுவைமருத்துவக் கல்லூரியின் விரிவுரைக் கூடத்தோடு ஒப்பிடுவது நியாயம். அதே தலைமுறையில் லண்டனில் எழுந்த எந்த நீதிமன்ற அறையையும் இதற்கு இணையாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நுழைவாயில் 1810களில் எழுந்தது. ஏதென்ஸ் அக்ரோபோலிஸின் வாயிலை நினைவூட்டும் தடித்த டோரிக் தூண்கள், நடுவில் தட்டையான மேல்தளம், இருபுறமும் கோயில் போன்ற சிறு மண்டபங்கள். ஐரோப்பாவில் இதோடு சேர்த்துப் பேச வேண்டியவை பெர்லினின் பிராண்டன்பர்க் வாயிலும், பல பத்தாண்டுகள் கழித்து கிளென்ட்சே மியூனிக்கில் எழுப்பிய வாயிலும். அவை இரண்டும் எல்லா வரலாற்று நூல்களிலும் உண்டு.

இங்கே ஒரு மறுப்பு எழும். கிரேக்கப் பாணிக்கு ஹாரிசன் முன்னோடி அல்லவே, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1758-லேயே ஹேக்லியில் டோரிக் கோயில் கட்டிவிட்டாரே என்பார்கள். உண்மைதான். செஸ்டரின் 1790களின் தூண்களும் தூய கிரேக்கம் அல்ல, ரோமும் கிரேக்கமும் கலந்தவை. கோட்டை வாயில் எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ராபர்ட் ஸ்மர்க் லண்டன் கோவன்ட் கார்டன் நாடக அரங்கில் டோரிக் முகப்பை நிறுத்திவிட்டார். இவை அனைத்தையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. ஸ்டூவர்ட்டின் கோயில் ஒரு பிரபுவின் தோட்டத்து அணிகலன். கிரேக்க வடிவத்தைப் பொதுமக்கள் புழங்கும் கட்டடத்தின் மொழியாக்கியது வேறு சாதனை. லிவர்பூல் போல்ட் தெருவின் தொடக்கத்தில் 1802-இல் முடிந்த லைசியம், 1758 முதல் இயங்கிவந்த ஒரு சந்தா நூலகத்துக்கும் செய்தி அறைக்கும் வீடானது. மான்செஸ்டர் மோஸ்லி தெருவில் 1806-இல் திறக்கப்பட்ட போர்டிகோ நூலகம், அந்நகரின் முதல் கிரேக்கப் பாணிக் கட்டடம். நான்கு அயோனிக் தூண்கள் கொண்ட அதன் முகப்பு இன்றும் தெருவைப் பார்த்து நிற்கிறது. பின்னாளில் சொற்களஞ்சியம் தொகுத்துப் பெயர் பெற்ற பீட்டர் மார்க் ரோஜே அதன் முதல் செயலாளர். கேம்பிரிட்ஜ் டௌனிங் கல்லூரியை வில்லியம் வில்கின்ஸ் கிரேக்கப் பாணியில் கட்டத் தொடங்குவதற்கு முன்பே இந்த இரண்டு நூலகங்களும் எழுந்துவிட்டன. புகை மண்டிய பருத்தி நகரத்தின் வணிகன் நாளிதழ் படிக்க ஏறிய படிகளில் கிரேக்கத்தைக் கொண்டுவந்து வைத்தவர் ஹாரிசன். ஏதென்ஸை ஒருமுறைகூடக் கண்ணால் பாராதவர் அவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்ஜினிடம் அச்சுவார்ப்பு கேட்டது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

அவர் செய்தவை சில, அதுவும் மிக மெதுவாக என்பது அடுத்த குறை. இதிலும் பாதி உண்மை இருக்கிறது. செஸ்டரோடு கூடவே 1788 முதல் லங்காஸ்டர் கோட்டையையும் அவர் சீரமைத்தார். அது முற்றிலும் வேறு முகம். இடைக்காலச் சுவர்களுக்கு இசைவாகக் கோதிக் பாணியில் நீதிமன்றமும் பாதிப் பலகோண வடிவ ஷயர் ஹாலும் அமைத்தார். கிரேக்கம் மட்டுமே தெரிந்தவர் என்று அவரை அடைத்துவிடாமல் இருக்க இந்த ஒரு கட்டடம் போதும். ஆனால் வரைபடங்கள் உரிய காலத்தில் வந்துசேராததால் பொறுமையிழந்த மாஜிஸ்திரேட்டுகள், உள்வேலையை முடிக்க ஜோசப் காண்டியை அழைத்துக்கொண்டார்கள். ஹாரிசன் பெரிய அலுவலகம் வைத்து நடத்தியவரல்ல. உதவியாளர் படையும் இல்லை. எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் வையட் போன்றவர்களிடம் அவர் தோற்பார். கட்டடக்கலையை எண்ணிக்கையால் அளப்பது சரியென்றால் சோனும் பலரிடம் தோற்றுத்தான் போவார். தவிரவும், ஸ்கெர்ட்டன் முதல் குரோவ்னர் பாலம் வரை, இடையில் மான்செஸ்டர் வணிகர் மாளிகை, லிவர்பூல் புனித நிக்கலஸ் ஆலயக் கோபுரம், செஸ்டர் நகரின் வடவாயில், ஷ்ரூஸ்பரியில் ஹில் பிரபுவின் தூண், ஆங்கில்சித் தீவில் வாட்டர்லூ போர் வீரர் ஒருவரின் நினைவுத் தூண், பொறியாளர் டெல்ஃபர்டின் நெடுஞ்சாலை கடலைத் தொடும் ஹோலிஹெட் துறைமுகத்தின் நினைவு வளைவு என்று விரியும் பட்டியலைச் சிறியது என்று சொல்ல மனம் வரவில்லை. சில தோல்விகளும் உண்டு. வேல்ஸின் மோயல் ஃபாமா மலை உச்சியில் எகிப்தியப் பாணியில் எழுப்பத் தொடங்கிய கோபுரம் பணமில்லாமல் முற்றுப்பெறாமலேயே நின்று, 1862-இல் ஒரு புயலில் சரிந்தது.

குரோவ்னர் பாலத்தைப் பற்றிய மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. செஸ்டரில் டீ ஆற்றைக் கடக்க ஒடுக்கமான இடைக்காலப் பாலம் ஒன்றே இருந்தது. ஆற்றின் நடுவே கால் ஊன்றாமல், 200 அடி அகலத்தில் ஒரே கல் வளைவாகத் தாண்டிவிடலாம் என்று ஹாரிசன் வரைந்தார். இவ்வளவு அகலத்தில், ஏறத்தாழ 40 அடி எழுச்சி மட்டுமே உள்ள வளைவு, தன் முழு எடையையும் பக்கவாட்டில் கரைகளின்மேல் தள்ளும். கரைக்கட்டு ஓரங்குலம் நகர்ந்தாலும் வளைவு திறந்துகொள்ளும். 1827 அக்டோபரில் அடிக்கல் நாட்டியபோது அவருக்கு வயது 83. முதுமையால் பொறுப்பைத் தம் மாணவர் வில்லியம் கோலிடம் ஒப்படைத்திருந்தார். லிவர்பூல் துறைமுகப் பொறியாளர் ஜெஸ்ஸி ஹார்ட்லி வேலையை மேற்பார்த்தார். ஒப்பந்ததாரர் ஜேம்ஸ் டிரப்‌ஷா, ஆற்றுப்படுகையிலிருந்து விசிறிபோல் விரியும் மரச் சென்ட்ரிங்கைக் கட்டி, ஆப்புகளைத் தனித்தனியாகத் தளர்த்தி, வளைவைச் சிறுகச் சிறுகத் தன் காலில் நிற்க வைத்தார். ஹாரிசன் 1829 மார்ச் 29-இல் இறந்தார். 1832-இல் 13 வயது இளவரசி விக்டோரியா பாலத்தைத் திறந்துவைத்தார். அடுத்த முப்பது ஆண்டுகள், வாஷிங்டனுக்கு அருகே கேபின் ஜான் பாலம் எழும் வரை, உலகில் இதைவிட அகலமான கல் வளைவு இல்லை. அப்படியானால் இது பொறியாளர்களின் சாதனைதானே, கட்டடக் கலைஞருக்கு ஏன் பெருமை என்று கேட்கலாம். ஹார்ட்லிக்கும் டிரப்‌ஷாவுக்கும் உரிய பங்கை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அகலத்தைத் துணிந்தவர், வளைவின் வடிவத்தைக் கண்டவர், இருபுறக் கரைக்கட்டையும் ரோமானிய வாயில்போல் அமைத்து ஒரு பொறியியல் விடையை நகரின் முகமாக மாற்றியவர் ஹாரிசனே. இந்தக் கேள்வி எழுவதற்கே காரணம், கட்டுவோர் தொழில் அந்தத் தலைமுறையில் இரண்டாகப் பிளந்ததுதான். கட்டுமானப் பொறியாளர் கழகம் 1818-இல் தோன்றியது, கட்டடக் கலைஞர்களின் நிறுவனம் 1834-இல். பிறகு ஒவ்வொரு தொழிலும் தன் முன்னோர்களைத் தேடித் தன் வரலாற்றை எழுதிக்கொண்டது. பொறியாளர் வரலாற்றில் டெல்ஃபர்டும் ரென்னியும் நாயகர்கள், கலைஞர் வரலாற்றில் சோனும் நாஷும். பாலமும் நீதிமன்றமும் ஒரே அறிவின் இரு கிளைகள் என்று கடைசிவரை வாழ்ந்த ஹாரிசனை இருவரும் பாதியாகவே பார்த்தார்கள், இரு பாதிகளையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று.

அவர் மறக்கப்பட்டவர் என்பதே மிகை என்று சிலர் சொல்லலாம். அவர் கட்டடங்கள் பல சட்டப் பாதுகாப்பின் உயர்ந்த படிநிலையில் இருக்கின்றன. கட்டடக் கலைஞர் சார்லஸ் ராபர்ட் காக்கரெல் அவரை மிக உயர்வாக மதித்தார். ஊர் ஊராகச் சென்று இங்கிலாந்தின் கட்டடங்களைப் பதிவு செய்த பெவ்ஸ்னரும் செஸ்டர் கோட்டையைப் பாராட்டினார். 1954-இல் வெளிவந்த ஹவர்டு கால்வினின் அகராதி, மாகாணத்துக் கலைஞர்களை ஆவணச் சான்றோடு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இவை எல்லாம் சரி. ஆனாலும் அகராதியில் இடம் பெறுவதும் கதையில் இடம் பெறுவதும் ஒன்றல்ல. ஒரு காலத்தின் போக்கை விளக்கும் நூல் ஹாரிசனைத் தவிர்த்துவிட்டு எழுதப்படலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். சோனைத் தவிர்த்து எழுத முடியாது. இந்த வேறுபாட்டுக்குக் காகிதம் ஒரு காரணம். ஆடம் தம் வேலைகளைப் படங்களோடு 1773 முதல் தாமே அச்சிட்டார். சேம்பர்ஸ் தூண்வகைகளைப் பற்றி நூல் எழுதினார். சோன் ராயல் அகாதமியில் பேராசிரியராக இருந்து, தம் வீட்டையே நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அருங்காட்சியகமாக்கிச் சென்றார். ஹாரிசன் ஒரு நூலும் எழுதவில்லை. மற்றொரு காரணம் செஸ்டரே. அந்நகரம் தன்னை ரோமானிய மதில்களின் ஊராகவும், கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீடுகளின் ஊராகவும் அடையாளப்படுத்திக்கொண்டது. அந்த வீடுகளில் கணிசமானவை விக்டோரியா காலத்தில் பழைய பாணியில் புதிதாகக் கட்டியவை. இந்த அடையாளத்துக்கு இடையே ஒரு கிரேக்கக் கோட்டை பொருந்தவில்லை. அதன் சிறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் கவுண்டி அலுவலகம் எழுந்தது. ஐரோப்பாவின் சிறந்த முற்றங்களில் ஒன்று பல ஆண்டுகள் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. லிவர்பூல் லைசியம் இடிபடவிருந்து மக்கள் எதிர்ப்பால் தப்பியது. கோட்டைக்கு எதிரே, ஹாரிசன் புதைக்கப்பட்ட புனித பிரிஜெட் ஆலயம் 1892-இல் இடிக்கப்பட்டபின் அவர் எலும்புகளும் நகருக்கு வெளியே பிளாக்கன் இடுகாட்டுக்கு மாற்றப்பட்டன.

மறுமதிப்பீடு என்பது வெறும் புகழ்மாலையாகிவிடக்கூடாது. லங்காஸ்டரும் லிவர்பூலும் அடிமை வணிகத்தில் கொழுத்த துறைமுகங்கள். 1807-இல் அந்த வணிகம் சட்டத்தால் தடுக்கப்படும் வரை, லிவர்பூல் உலகின் தலைமை அடிமைத் துறைமுகமாக இருந்தது. ஹாரிசனின் அழகிய தூண்களுக்குச் சந்தா கட்டிய கைகளில் அந்தப் பணமும் இருந்திருக்கும் என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும். கோட்டைகளின் கம்பீரமும் குற்றமற்றதல்ல. கைகளில் விலங்கோடு வந்த ஏழையின்மேல் அரசின் எடையை இறக்கி வைக்கும் கட்டடக்கலை அது. லங்காஸ்டர் கோட்டை 2011 வரை சிறையாகவே இருந்தது. இவற்றைச் சொன்னால் ஹாரிசன் சிறுத்துவிடுவாரா? நான் அப்படி எண்ணவில்லை. ஒரு சமூகம் தன் அதிகாரத்தையும் அறிவையும் செல்வத்தையும் கல்லில் எழுதிக்கொண்ட விதத்தை அவர் வேலையில் முழுதாகப் படிக்க முடிகிறது. பிரபுக்களின் மாளிகைகளை மட்டும் பார்த்தால் இது கிடைக்காது. அவரைப் படிக்காமல் விடுவதால் இழக்கப்படுவது ஒரு கலைஞரின் புகழ் மட்டுமல்ல, பொதுக்குழுக்களும் வரிப்பணமும் சேர்ந்து நவீன நகரத்தைக் கட்டிய கதையும்தான்.

ஆகவே அவரை ‘மாகாணத்து மேதை’ என்று தட்டிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1780 முதல் 1830 வரையிலான பிரிட்டிஷ் கட்டடக்கலையைப் பற்றிய எந்த நூலும் செஸ்டர் கோட்டைக்கும் ஸ்கெர்ட்டன், குரோவ்னர் பாலங்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும். அதில் பாலங்களையும் நீதிமன்றங்களையும் பிரிக்காமல் ஒரே கையின் வேலையாகப் படிக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுகளின் கூட்டப் பதிவுகள் கவுண்டி ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. யார் எவ்வளவு கொடுத்தார்கள், எந்தக் குவாரியிலிருந்து கல் வந்தது, எந்தத் திருத்தத்தைக் குழு கேட்டது என்பதை லண்டன் இதழ்களைவிட அவை தெளிவாகச் சொல்லும். வேலைக்கோ படிப்புக்கோ இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் வாழும் தமிழ் வாசகர்கள் செஸ்டர் போகும்போது மரச்சட்டக் கடைவீதிகளோடு திரும்பிவிட வேண்டாம். குரோவ்னர் தெருவழியே தெற்கே இறங்கினால் இடப்பக்கம் கோட்டையின் வாயில் வரும், அதே சாலை நேரே பாலத்தின்மேல் ஏறும். பாலத்தின்மேல் நின்றால் அந்த வளைவு தெரியாது. கீழே ஆற்றங்கரைப் பாதைக்கு இறங்கிப் பாருங்கள்.